இருபதடிச் சுவர்

அவர் எதையும் உடனே தேட மாட்டார். தேடுவதற்கு முன்னால் அது இருக்கிறதா என்று பார்ப்பார்.

பிள்ளைகளே, நேற்று பெரியவன் அல்ஜீப்ரா கணக்கு ஒன்றைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தான். தாள் கிழிந்ததே தவிர விடை வரவில்லை. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். இருந்தாலும் எட்டிப் பார்த்து, “முதல்ல விடை இருக்காடா?” என்று கேட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. யாருடையது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மில்லில் தச்சு வேலைக்குச் சேர்ந்த காலம் அது. வேலைக்கு வரும் தாய்மார்களின் கைக்குழந்தைகளை விட்டுவைக்க மில்லுக்குள்ளேயே ஒரு தொட்டில் ரூம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காதில் சின்னத் தோடு, தோளில் எப்போதும் யாராவது ஒரு குழந்தை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவர் என்பதால் எல்லோரும் டீச்சர் என்போம். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒரு சொல் சேர்த்து ‘இருக்கா டீச்சர்’ என்போம். அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு நாள் ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு காணோம். தாய்க்காரி அழுகிறாள். பத்துப் பெண்கள் பாய்களை உதறுகிறார்கள், தொட்டில்களைக் கவிழ்க்கிறார்கள். இவர் மட்டும் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே, “காலையில இவ உள்ள வரும்போது கால்ல இருந்துச்சா, யாராவது பாத்தீங்களா?” என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. “அப்ப இந்த ரூம்ல இருக்கான்னே தெரியல. இல்லாத எடத்துல எவ்ளோ தேடினாலும் இல்லதான். வீட்ல பாருங்க முதல்ல.” தாய்க்காரிக்கு வந்ததே கோபம். என்னைத் திருடி என்கிறாயா, பொய்க்காரி என்கிறாயா என்று சண்டைக்கு வந்தாள். சாயங்காலம் கொலுசு அவள் வீட்டுப் படுக்கையிலேயே கிடைத்தது. மறுநாள் அவள் டீச்சர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே அவரைப் பலருக்குப் பிடிக்காது.

அவரைப் பெண் பார்க்க அத்திபெலேயிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் குடும்பம் வந்த கதையை மில்லில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் காப்பியைக் குடித்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னாராம். பெண் வேலையை விட்டுவிட வேண்டும். பெண்ணின் சம்பளம் மாமியார் கைக்கு வந்துவிட வேண்டும். இவர் உள்ளேயிருந்து வந்து, “மாமா, இந்த ரெண்டும் ஒரே பொண்ணுகிட்ட இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சிரிப்புக் கதைதான். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவரைப் பெண் பார்க்க வரவில்லை என்பதையும், அவருடைய அம்மா ஒரு மாதம் மகளோடு பேசவில்லை என்பதையும் சிரிக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நூல் சுற்றும் பகுதியில் ஒருத்தியின் புருஷன் பம்பாய்க்குப் போய் வருஷக் கணக்காகிவிட்டது. சனிக்கிழமை தோறும் ரயிலடிக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். டீச்சர் அவளிடம், “வர்ற வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி, அவருக்கு வர்ற எண்ணம் இருக்கான்னு பாரு” என்று சொல்லிவிட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது அங்கே ஜன்னல் கதவுக்குக் கீல் போட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மையை இப்படிக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களிடம் எனக்கு அன்றிலிருந்து கொஞ்சம் பயம்.

அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகொரு நாள் தெரிந்தது. தொட்டில் கால் ஒன்றைச் சரிசெய்யப் போயிருந்தேன். அவர் மேல்படிப்புக்குத் தனியாகப் பரீட்சை எழுதத் தயார் செய்துகொண்டிருந்தார். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் சிலேட்டில் கணக்கு. “என்னா டீச்சர் கணக்கு இது?” என்றேன்.

“இதுல ஒரு எண்ண அதாலயே பெருக்கினது வரும் தம்பி. இதுக்கு விடை கண்டுபிடிக்க நீளமா ஒரு வழி இருக்கு. ஆனா அந்த வழியில இறங்கறதுக்கு முன்னாடி, வர்க்கமூலக் குறிக்கு அடியில இருக்கிறத மட்டும் எடுத்துப் பாத்துட்டா போதும். விடை இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடும். டிஸ்கிரிமினன்ட்டுன்னு பேரு.”

பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் முறை மனசில் நின்றுவிட்டது. கணக்கில் மூன்று எண்கள் இருக்கும். நடு எண்ணை அதே எண்ணால் பெருக்கு. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கு. முன்னதிலிருந்து பின்னதைக் கழி. மிச்சம் இருந்தால் இரண்டு விடை உண்டு. சரியாகத் தீர்ந்துபோனால் ஒரே விடைதான், அதுவே இரண்டு தடவை. கழிக்கவே போதாமல் குறைந்து போனால், மெய்யான விடை கிடையாது. நாள் பூரா உட்கார்ந்து தேடினாலும் கிடையாது.

“போதலன்னா அவ்ளோதானா டீச்சர்?”

“அந்த மூணு எண்ணுக்கு அவ்ளோதான். எண்ண மாத்தினா கணக்கு மாறும். மாத்தறதுக்கு உனக்கு மனசிருக்கான்னு அது கேக்காது.”

இப்போது வேலைநிறுத்தத்துக்கு வருகிறேன்.

அப்போது நாங்கள் மில்லின் லைன் வீடுகளில் இருந்தோம். வரிசையாக ஒற்றை அறைகள். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு லைன் என்று எப்போதோ பிரித்துக்கொண்டார்கள்; யாரும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். டீச்சரும் அவர் அம்மாவும் கடைசி லைனில், சாக்கடை ஓரம் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் புத்தர் படம் மாட்டியிருக்கும். அந்த லைன் பக்கம் எங்கள் ஆட்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இதை மறைக்காமல் சொல்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

புதிய காலனி கட்டித் தருவதாகக் கம்பெனி சொன்னது. குலுக்கல் போட்டுத்தான் வீடு கொடுப்போம், லைன் கணக்கெல்லாம் கிடையாது என்றும் சொன்னது. எங்கள் சங்கம் இரண்டு கோரிக்கை வைத்தது. ஒவ்வொரு வீடும் ஐந்நூறு சதுர அடி இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் சுவரோடு தனி வீடாக இருக்க வேண்டும். தனி வீடு கேட்டதற்கு மானம் மரியாதை என்று மேடையில் சொன்னோம். குலுக்கலில் பக்கத்து வீட்டுக்கு யார் வருவார்களோ என்ற பயம்தான் பாதிக் காரணம். மேடைக்குக் கீழே அதைத்தான் பேசிக்கொண்டோம்.

கம்பெனி மறுத்தது. வேலைநிறுத்தம் நீண்டது. உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், கேட் எதிரே தகரக் கொட்டகையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நாளாக ஆகப் பேச்சு குறைந்தது. உதடு வெடித்தது. அந்தக் கடைசி நாள் காலையில் டாக்டர் நாடி பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு நாள் போனா நான் பொறுப்பில்ல” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முற்பகலில் கம்பெனி இறங்கி வந்தது. தனி வீடு, சரி. ஐந்நூறு சதுர அடி, சரி. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டுக்கு எண்பது அடி நீள வெளிச்சுவருக்குத்தான் செங்கல் தரப்படும், அதற்கு மேல் ஓர் அடியும் கிடையாது. உள்தடுப்பு வேறு கணக்கு. எண்பதடிச் சுவரா, போதுமே என்று எங்கள் கமிட்டி ஒத்துக்கொண்டது. மூன்று நிபந்தனையையும் கொட்டகையில் இருந்த கரும்பலகையில் பெரிதாக எழுதினோம். மேனேஜர் கையெழுத்துப் போட மத்தியானம் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அண்ணன் பக்கத்தில் எலுமிச்சை ஜூஸ் டம்ளரை மூடி வைத்தாள் அண்ணி. வெளியே பட்டாசு தயாராக இருந்தது.

டீச்சர் இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்தார். பலகை முன்னால் நின்றார். உதடு அசைவதைப் பார்த்தேன். கொலுசைப் பற்றிக் கேட்டபோது அந்த முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அந்த வீடு இல்ல.”

“எந்த வீடு?”

“பலகையில இருக்கிற வீடு. எண்பதடிச் சுவத்துக்குள்ள ஐந்நூறு சதுர அடி அடங்காது. நாலு பக்கச் சுவரா எப்படி நிறுத்தினாலும் அடங்காது.”

அவரைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். “டீச்சர், கையெடுத்துக் கும்பிடறேன். அண்ணன் சொல்ப, கொஞ்சூண்டு ஜூஸ் குடிக்கட்டும். அப்புறம் சொல்லுங்க.”

“குடிச்சுட்டா கையெழுத்துப் போட்டுருவார். போட்டப்புறம் சொன்னா என்ன பிரயோசனம்? நான் சொல்லலன்னா கொத்தனார் சொல்லுவான், அஸ்திவாரம் தோண்டும்போது. அப்ப நீங்க மறுபடி உக்கார முடியுமா?”

“அண்ணன் செத்துப் போவார்.”

அவர் குழந்தையை என் கையில் கொடுத்தார். கண்ணில் நீர் இருந்தது. “எனக்கும்தான் தம்பி வீடு வேணும். எங்கம்மா சாக்கடை ஓரத்துல இருமி இருமிச் சாகறாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கொட்டகை கொந்தளித்தது. தறி மேஸ்திரி ஒருவர் இருந்தார், நல்ல உயரம், பெரிய குரல். அவர் முன்னால் வந்தார். “இன்னா டீச்சர், பட்டினி கெடக்கிறவன் வாய்க்கிட்ட போற ஜூஸப் புடுங்க வந்தியா? கம்பெனி எவ்ளோ குடுத்தான்?”

“ஒரு கயிறு குடுங்க” என்றார் டீச்சர்.

பஞ்சுப் பொதி கட்டும் கயிற்றில் எண்பதடி அளந்து முடிச்சுப் போட்டார்கள். நான்கு பேர் மூலைக்கு ஒருவராகக் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். முப்பதுக்குப் பத்து: முந்நூறு சதுர அடி. இருபத்தைந்துக்குப் பதினைந்து: முந்நூற்று எழுபத்தைந்து. சரிசமமாக இருபதுக்கு இருபது நின்றார்கள்: நானூறு. “இன்னும் இழுங்கப்பா” என்று யாரோ கத்தினார்கள். இழுத்தார்கள். ஒரு பக்கம் நீண்டால் மறுபக்கம் சுருங்கியது. மறுபடி முந்நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. நால்வரும் வியர்வை வழிய நின்றார்கள். கயிறு யாருக்கும் பயப்படவில்லை.

டீச்சர் பலகையில் எழுதிக் காட்டினார். சுவர் எண்பது, பாதி நாற்பது. ஒரு பக்கம் இவ்வளவு என்றால் மறுபக்கம் நாற்பதில் மிச்சம். இரண்டையும் பெருக்கினால் ஐந்நூறு வர வேண்டும். நடு எண் நாற்பது. நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. முதல் எண் ஒன்று, கடைசி எண் ஐந்நூறு; நான்கால் பெருக்கினால் இரண்டாயிரம். “ஆயிரத்து அறுநூறுல ரெண்டாயிரம் போகாது. விடை இல்ல. நானூறு சதுர அடி கேட்டிருந்தீங்கன்னா சரியாத் தீரும், ஒரே ஒரு வீடு, இருபதுக்கு இருபது சதுரம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.”

அண்ணன் கையை அசைத்தார். எல்லோரும் அடங்கினார்கள். குரல் காற்று மாதிரி வந்தது. “அப்போ நான் இத்தினி நாளா இல்லாத வீட்டுக்கா பட்டினி கெடந்தேன்?”

“ஆமாண்ணே.”

“கம்பெனிக்கு இது தெரியுமா?”

“அது எனக்குத் தெரியாதுண்ணே. தெரியாத ஒண்ணச் சொல்ல மாட்டேன்.”

“வேற வழி இருக்கா?”

நான் அவரை அறிந்த காலத்தில், விடை தெரிந்தும் அவர் தயங்கியது அந்த ஒரு முறைதான். பிறகு சொன்னார்: “இருக்கு. ரெண்டு வீட்டையும் ஒட்டிக் கட்டணும். நடுவுல ஒரே சுவர். ரெண்டு பேருக்கும் பொது.”

என் கையில் இருந்த குழந்தை சிணுங்கியது.

தறி மேஸ்திரிதான் பேசினார். “குலுக்கல்ல எந்த ஜாதிக்காரன் வருவானோ, அவன் சுவத்துல நான் தலை வெச்சுப் படுக்கணுமா?” அவர் டீச்சரைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் டீச்சரைத்தான் பார்த்தார்கள்.

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கணக்கைப் போட்டார். இரண்டு வீட்டுக்குச் சேர்த்து நூற்று அறுபது அடிச் சுவர். நடுச்சுவரின் நீளம் மூன்று தடவை வரும்: நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து நான்கு சுவர். நடு எண் நூற்று அறுபது. அதை அதாலேயே பெருக்கினால் இருபத்தையாயிரத்து அறுநூறு. முதல் எண் அந்த மூன்று, கடைசி எண் ஐந்நூறை அந்த நான்கால் பெருக்கிய இரண்டாயிரம். நான்கால் பெருக்கினால் இருபத்து நாலாயிரம். ஆயிரத்து அறுநூறு மிச்சம். “மிச்சம் இருக்கு. அதனால ரெண்டு விடை இருக்கு” என்றார்.

அதற்குள் மேனேஜரின் கார் வந்து கேட்டில் நின்றது. அண்ணன் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். “அவரைச் சாயங்காலம் வரச் சொல்லு. எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வாங்க. யாரையும் கட்டாயப்படுத்தல. நான் காத்திருக்கேன்.”

அந்த மத்தியானத்தைப் போல நீண்ட பொழுதை நான் பார்த்ததில்லை. லைன் லைனாகச் சண்டை நடந்தது. அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மார்பு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். டீச்சர் கொட்டகைக்கு வெளியே வெயிலில் தனியாக நின்றிருந்தார். போகிற வருகிறவர்கள் அவர் காதில் விழும்படி திட்டிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை.

நிழல் நீண்டபோது அண்ணி எழுந்தாள். மூன்று நாளாகத் தலை வாரவில்லை. நேராக டீச்சரிடம் போய் நின்றாள். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன்.

“உங்கம்மா ராத்திரில இருமுவாங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

டீச்சருக்குப் புரியவில்லை. “இருமுவாங்க.”

“எங்க வீட்டுக்காரர் கொறட்டை விடுவார். பொழச்சார்னா இன்னும் விடுவார். சரிக்குச் சரியாப் போச்சு. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவர் போதும், எழுதிக்கச் சொல்லுங்க.”

டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, மூடியிருந்த டம்ளரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். “நீங்களே குடுங்க. நிறுத்தினவங்க நீங்கதானே.”

கொட்டகை பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி லைன்காரர் கையிலிருந்து அண்ணன் வாங்கிக் குடித்தார். தறி மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மேனேஜர் வந்தபோது ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார்கள். இணைந்துகொள்ளச் சம்மதிக்கிறவர்களுக்கு, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சீட்டாகக் குலுக்கி, ஐந்நூறு சதுர அடியில் ஒட்டு வீடு. மாட்டோம் என்பவர்களுக்கு இருபதுக்கு இருபது தனி வீடு. ஒட்டு வீட்டுக்குக் கணக்கில் இரண்டு விடை என்று சொன்னேனே, நீங்களே போட்டுப் பாருங்கள், நடுச்சுவர் ஒன்றில் இருபது அடி வரும், இன்னொன்றில் முப்பத்து மூன்று அடி நான்கு அங்குலம் வரும். “ரெண்டும் உண்மைதான், எது வேணும்?” என்று டீச்சர் கேட்டார். கமிட்டியில் ஒருவர் அவசரமாக, “எதுல பொதுச் சுவர் கம்மி?” என்றார். இருபதடியையே எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் அப்போது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான்கு வருஷம் அவர், பெரியப்பாவும் நாமும் சேர்ந்திருக்கும் இந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். பெரியவனுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜுரத்தில் அவன் அழும்போது அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டித் தாளம் போடுவார், இவன் அழுகையை நிறுத்திக் கேட்பான். ஒரு மழைக்காலத்தில் அவருடைய அம்மாவின் இருமல் ஒரேயடியாக நின்றது. டீச்சர் பரீட்சை பாஸ் பண்ணி, கோலார் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனார். பிறகு தகவல் இல்லை.

நம் காலனியில் சின்னச் சதுர வீடுகளும் பெரிய ஒட்டு வீடுகளும் கலந்து கிடப்பது ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் கேட்கத் தோன்றியிருக்காது. அன்று யார் என்ன சொன்னார்கள் என்பது அப்படியே செங்கல்லில் நிற்கிறது.

தறி மேஸ்திரி சதுர வீடுதான் வாங்கினார். போன தை மாதம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். நானூறு சதுர அடியில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைக்க இடம் போதவில்லை. நம் கூடத்தைக் கேட்டு வந்தார். அண்ணி பாய் விரித்துக் கொடுத்தாள். தாம்பூலம் மாற்றி, சாப்பாடும் முடிந்த பிறகு, அந்த உயரமான மனிதர் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பெரிதாக மூச்சு விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். சாய்ந்தது அந்த நடுச்சுவரில். அண்ணி என்னைப் பார்த்தாள்.